உன் மகள் பாடிய நாலு வரி

எனக்கு முந்திக்கொண்டு போய்விட்ட என் மச்சாள் பவானிக்கு,

வெற்றி, பவானி! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சுகம் கேட்டுத் தொடங்குவதுதான் கடித மரியாதை. ஆனால் உன்னிடம் போய் அதை எப்படிக் கேட்பது? நல்ல சேதியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது என்பது உனக்குத் தெரியும். என்றாலும் முழுவதையும் ஒரேயடியாகச் சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரியில் என்னை எத்தனை நாள் தவிக்க வைத்தாய்? நீயும் கொஞ்சம் தவித்துக்கொண்டு வாசி.

இந்தக் கடிதத்தை நம் சங்க மலருக்குக் கொடுக்கப்போகிறேன். வாசிக்கிற மற்றவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நீ என் கணவரின் தங்கை. நோபல் பார்க்கில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையில் ஒரேயொரு தெரு. ஆரணி உன் ஒரே மகள். அவளுக்கு நாலு வயதில் தகப்பன் போய்விட, அவளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது, நீச்சல் பழக்கியது, கார் ஓட்டப் பழக்கியது எல்லாம் உன் அண்ணன்தான்.

அந்த அண்ணன்தான் மூன்று வருஷத்துக்கு முன் உன் சாப்பாட்டு மேசையில் கையால் அடித்து எழும்பியவர். மூன்றாம் வருஷப் பார்மசிப் படிப்பை விட்டுவிட்டு, சிட்னிக்குப் போய் ஒபரா பாடப் படிக்கப்போகிறேன் என்று ஆரணி சொன்ன அன்று. “தேப்பன் இல்லாத பிள்ளையை நடுத்தெருவில விடப்போறாய்” என்று அவர் கத்தினார். “என்ர பிள்ளை அண்ணா, நான் பாத்துக்கொள்ளுறன்” என்றாய் நீ. அவ்வளவுதான். ஒரு தெரு, இரண்டு வீடு, பேச்சு இல்லை. நீ என்னிடம் கொடுத்துவிடுகிற கத்தரிக்காய்க் குழம்பை மட்டும் யார் வைத்தது என்று கேட்காமல் வழித்துச் சாப்பிடுவார். கேட்டால் சாப்பிட ஏலாதே!

அவரைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வராது, பவானி. ஊரில் கணக்குப் படிப்பித்த மனுஷன். இங்கே வந்து முப்பது வருஷம் முழங்காலில் நின்று மற்றவர்களின் குளியலறைத் தரைக்கும் சுவருக்கும் ரைல்ஸ் ஒட்டினார். “நான் படிச்ச படிப்பை விட்டது வேற வழியில்லாமல். அவளுக்கு என்ன வந்தது?” என்று என்னிடம் எத்தனை தரம் கேட்டிருப்பார். அதை உன்னிடம் ஒரு தரம் தன்மையாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவர் வந்தபோது உனக்குப் பேச்சு நின்றுவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்க நின்றார். உனக்கு அது தெரிந்ததா? அவர் வந்திருக்கிறார் என்று நான் உன் காதுக்குள் சொன்னேனே, கேட்டதா?

நீ போன பிறகு பத்து மாதம், அந்தச் சண்டையைப் பற்றி அவர் வாய் திறக்கவேயில்லை. ஆரணியோடும் அப்படித்தான். போனில் அவள் வந்தால், “மாமியிட்டக் குடுக்கிறன்” என்று என்னிடம் நீட்டிவிடுவார். பிள்ளைக்கு நீயும் இல்லை, அவரும் இல்லை.

அப்போதுதான் அந்தப் போன் வந்தது. “மாமி! எனக்கு ரோல் கிடைச்சிருக்கு. சோலோ. நாலே நாலு லைன்.”

“என்ன வேஷம் பிள்ளை?”

“வேலைக்காரி. எஜமானிக்குச் சுகமில்லை எண்டு வந்து சொல்லுறவள். ஒபரா ஹவுஸ் மாமி! கர்ட்டன் திறந்து பத்து நிமிசத்தில நான் வந்திடுவன். அதுக்குப் பிறகு கோரஸ்தான். ஸோ, லேட்டா வந்தா மிஸ் பண்ணிடுவீங்கள். கதவைப் பூட்டினா இன்டர்வெல் வரைக்கும் விடமாட்டினம். மாமாவுக்குச் சொல்லுங்கோ, செவன் எண்டா செவன்.” பிறகு குரல் சின்னதாகிவிட்டது. “மாமா வருவாரா, மாமி?”

“ஓம், வராமல் என்ன?” என்று நான் பச்சைப் பொய் சொன்னேன்.

அவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஆட்டைத் துவசம் முடியேல்ல. ஒரு வருஷம் கழியமுதல் கூத்துப் பாக்கப் போறதோ? சனம் என்ன சொல்லும்?” என்றார். துவசமாம், சனமாம்! போன மாதம் கேரம் டவுன்ஸ் கோயில் திருவிழாவில் வடத்தைப் பிடித்து இழுத்தவர் இவர்தானே? “சனம் சொல்லுறதை நான் பாத்துக்கொள்ளுறன். நான் போறன்” என்றேன். “தனியவோ?” “தனியத்தான்.”

மூன்றாம் நாள் தேத்தண்ணி குடிக்கும்போது மெல்லத் தொடங்கினார். “ஹோட்டல் கதவெல்லாம் இப்ப கார்ட்டாலதான் திறக்கிறது. உமக்குத் திறக்கத் தெரியாது.”

“தெரியாதுதான்.”

“அப்ப நானும் கூட வாறன். ஆனா அந்த ஹோலுக்குள்ள வரமாட்டன். சொல்லிப்போட்டன்.”

வந்தால் போதும், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று நான் உடனே பிளேன் ரிக்கெற் போட்டுவிட்டேன்.

சிட்னி, மச்சாள்! நேரில் பார்த்தால் நீ படத்தில் காட்டினது ஒன்றும் காணாது. வெள்ளிக்கிழமை காலை போய் இறங்கினோம். ஃபெரி எடுத்து மான்லிக்குப் போனோம். வெயிலில் தண்ணீர் கண்ணைக் கூச, பெரிய பாலம் எங்கள் தலைக்குப் பின்னால் சின்னதாகிக்கொண்டு போனது. நான் ஃபெரியின் முன்பக்கம் போய் நின்று சாறித் தலைப்பு காற்றில் அடிக்க ஒரு படம் எடுத்தேன். அறுபத்து மூன்று வயதில் எனக்கு இந்தக் கூத்து தேவையா என்று நீ கேட்பாய். தேவைதான்.

பின்னேரம் ஒபரா ஹவுஸைச் சுற்றி நடந்தோம். வெளியால்தானே, அவரும் வந்தார். தூரத்தில் வெள்ளை வெளேரென்று தெரிகிற கூரை, கிட்டப் போனால் முழுக்க ரைல்ஸ்! பாதி பளபளப்பு, பாதி மங்கல். உன் அண்ணனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கூரை கீழே இறங்குகிற ஓரிடத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோடு பார்த்தார். “இஞ்சாரும், வளைவில ரைல்ஸ் ஒட்டுறது எவ்வளவு கஷ்டம் எண்டு தெரியுமே? ஒரு இடத்திலயும் பிசகேல்லப்பா!” என்று அரைமணித்தியாலம் எனக்கு வகுப்பு. வெளியே இவ்வளவு இருந்தால் உள்ளே எவ்வளவு இருக்கும் என்று மெதுவாகக் கொக்கி போட்டேன். “உள்ளுக்கு என்ன, கார்ப்பெற்தான்” என்று நடந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை கார் வாடகைக்கு எடுத்து ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனோம். காட்டுக்குள்ளே மலையிறக்கத்தில் வெள்ளைக் கோபுரம். ஐயர் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார். நான் வாய் திறக்க முந்தி உன் அண்ணன் சொல்கிறார், “ஆரணி. பூச நட்சத்திரம்.” ஏன் பவானி, நட்சத்திரம் மறக்காத மனுஷனுக்குப் பிள்ளையோடு நாலு வார்த்தை கதைக்க வரவில்லையே, அது என்ன வகை அன்பு? கன்ரீனில் உழுந்து வடை கட்டிக்கொண்டு திரும்பி வந்தோம். துறைமுகத்தில் ஒரு மர வாங்கில் அமர்ந்து அவர் வடையை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோன நேரம், கடற்பறவை ஒன்று வந்து பறித்துக்கொண்டு போய்விட்டது. அவர் அதை ஏசின ஏச்சை இங்கே எழுத முடியாது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது.

இனித்தான் என் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். உன் அண்ணனுக்கு நேரம் எப்படி என்று உனக்குத் தெரியாததா? அவர் மட்டுமா, நாங்கள் எல்லோரும் அப்படித்தான். அரங்கேற்ற அழைப்பிதழில் ஐந்து மணி என்று இருக்கும். பிள்ளையைப் பெற்றவர்களுக்கே தெரியும் ஆறரைக்கு முந்திச் சனம் வராது என்று. ஆகவே நான் இவருக்கு எப்போதும் ஒன்றரை மணித்தியாலம் முன்னால் தள்ளித்தான் நேரம் சொல்வேன். கூட்டிக்கொண்டு போய்ப் படியில் இருத்திவிட்டால் எப்படியாவது உள்ளே இழுத்துவிடலாம் என்ற நினைப்பில், இந்த முறையும் ஐந்தரைக்குத் தொடக்கம் என்று சொல்லிவைத்தேன்.

உன் கல்யாணக் கூறைச்சாறி வாங்கின அன்று எனக்கு வாங்கின ஊதாக் காஞ்சிபுரத்தைக் கட்டினேன். அங்கே பார்த்தால் பக்கத்தில் நின்ற ஒருத்தன் ஜீன்ஸும் ரப்பர் செருப்பும்! பரவாயில்லை, எங்கள் பிள்ளை பாடுகிற நாள். நாங்கள் அங்கே போய்ச் சேர ஆறேகால். படிகளில் சனம் நிறைந்து கிளாஸும் கையுமாக நின்றது. உன் அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். “பாத்தீரோ? ஐஞ்சரை எண்டவை, இன்னும் தொடங்கேல்ல. வெள்ளைக்காரரும் எங்கட ஆக்கள்தான்” என்றார். படியில் ஒரு மூலை பிடித்து இருந்தும்விட்டார். “நீர் போம். நான் இதில இருந்து பாலத்தைப் பாக்கிறன்.”

ஆறே முக்காலுக்கு உள்ளே மணி அடித்தது. நான் அவரின் கையைப் பிடித்து இழுத்தேன்.

“இஞ்சாருங்கோ, உண்மையில ஏழு மணிக்குத்தான் தொடங்கும். நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். இன்னும் பத்து நிமிசத்தில கதவைப் பூட்டிப்போடுவினம். பிள்ளை முதல்லயே வந்து பாடிப்போட்டுப் போயிடுவாள். எழும்புங்கோ!”

“அப்ப இதுவும் பொய்தான். ஏழு எண்டால் ஏழே முக்கால். முதல் குத்துவிளக்கு, பிறகு ஆரோ ஒருத்தற்ற பேச்சு. எனக்குத் தெரியாதே?”

“இஞ்ச ஆர் குத்துவிளக்கு ஏத்தப்போறது? ரிக்கெற்றைப் பாருங்கோ, ஏழு எண்டு போட்டிருக்கு.”

“அழைப்பிதழிலயும்தான் போடுறவை. சும்மா கிடவும்.”

பவானி, அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரம்! இருபத்தெட்டு வருஷமாகச் சொன்ன சின்னச் சின்னப் பொய்கள், வேண்டிய நேரத்தில் என் உண்மையை விழுங்கிவிட்டன. அழுகையும் வந்தது. அவருடைய ரிக்கெற்றை அவரின் ஷேர்ட் பைக்குள் திணித்தேன். “பவானிட பிள்ளை இண்டைக்கு உங்களைத் தேடப்போறாள். நீங்கள் பாலத்தைப் பாருங்கோ” என்று சொல்லிவிட்டுச் சாறியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவேன் என்று பயம்.

உள்ளே எனக்கு நடு வரிசையில் இடம். பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. அடுத்த கதிரைப் பெண் தன் கோட்டை அதில் வைக்கலாமா என்று கேட்டாள். “ஹஸ்பண்ட் கம்மிங்” என்றேன். சொல்லிவிட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தேன். கீழே வாத்தியக்காரர் சுருதி கூட்டினார்கள். ஒரு சத்தத்தில் தொடங்கி எல்லா வாத்தியமும் வந்து சேர்ந்தது. விளக்கு மங்கத் தொடங்கியது. ஆரணி எங்கள் இரண்டு இடத்தையும் தானே தெரிவு செய்து எடுத்திருந்தாள். அதில் ஒன்றை வெறுமையாக விட்டால் பிள்ளை என்ன நினைப்பாள்? நீ இருந்திருந்தால் அந்தக் கதிரைக்கு இந்தக் கதி வருமா?

அப்போது வரிசை முழுக்க எழும்புகிற சத்தம். “சொறி, சொறி, வெரி சொறி.” யாருடைய காலையோ மிதித்து, யாருடைய கைப்பையையோ தட்டிவிட்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, அந்த இரண்டு பழுதான முழங்காலோடும் உன் அண்ணன்! தொப்பென்று கதிரையில் விழுந்தார். அவருக்குப் பின்னால் கதவு சாத்துகிற சத்தம் எனக்குக் கேட்டது.

என்ன நடந்தது என்று பிறகுதான் சொன்னார். கடைசி மணி அடித்ததாம். படியில் நின்ற சனமெல்லாம் ஒரேயடியாக உள்ளே ஓடினதாம். “காசு குடுத்து வாங்கின வைனை அரைவாசியில வைச்சிட்டு ஓடுறாங்கள், ரஞ்சி. அப்பதான் நீர் பொய் சொல்லேல்ல எண்டு விளங்கினது” என்றார். என் வாய்ச்சொல்லை நம்பாதவர் அந்த அரைக் கிளாஸை நம்பினார். போகட்டும், வந்தாரே!

திரை விலகியது. பெரிய மாளிகை, மேசை நிறையச் சாப்பாடு, விருந்தாளிகள். யார் யாரோ பாடினார்கள். மேடைக்கு மேலே இங்கிலீஷில் அர்த்தம் ஓடியது, ஆனால் நான் எதையும் வாசிக்கவில்லை. பிறகு ஓரத்துக் கதவு திறந்து, வெள்ளை ஏப்ரனோடு, கையைப் பிசைந்துகொண்டு அவள் வந்தாள். உன் மகள். எங்கள் ஆரணி.

மைக் இல்லை, பவானி. வெறும் தொண்டை. எனக்கு அந்தச் சங்கீதம் விளங்காது, உனக்கே விளங்காது என்று நீ சொல்லிச் சிரிப்பாய். ஆனால் அந்தச் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் போய் எங்கள் எல்லோரையும் தொட்டுவிட்டு வந்தது. என் எஜமானிக்கு மெத்தச் சுகமில்லை, அவள் உங்களைத்தான் கேட்டாள் என்று மேலே எழுத்து ஓடியது; அதை மட்டும் வாசித்தேன். உன் அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நாலாவது வரியில் அவள் மேலே ஏறி, அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, சத்தத்தைக் குறைத்துக் குறைத்து நூலாக்கி இறக்கினாள். முடிந்தது. வாத்தியம் தொடங்க முந்தி ஒரு மூச்சு இடைவெளி, ஊசி விழுந்தால் கேட்கும்.

அந்த இடைவெளியில் உன் அண்ணன், கச்சேரிக்கு முன் வரிசையில் இருப்பவர் மாதிரி, தலையை ஆட்டி, தொடையில் ஒரு தட்டுத் தட்டி, முழுக் குரலில், “ஆகா!” என்றார்.

முன் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒருத்தர் உஸ் என்றார். நான் வெட்கத்தில் சாறித் தலைப்பால் முகத்தை மூடினேன். மூடிக்கொண்டு அதற்குள் சிரித்தேனா, அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. சந்தோஷம் என்று மட்டும் தெரியும். இப்படி ஒரு சந்தோஷம் நீ போன பிறகு எனக்கு வந்ததேயில்லை. கடைசியில் எல்லோரும் எழும்பிக் கை தட்டினபோது, அந்த முழங்காலோடு முதலில் எழும்பினவர் அவர்தான்.

பாடகர்கள் வெளியே வருகிற பக்கக் கதவடியில் காத்து நின்றோம். ஆரணி முகத்தில் மேக்கப் பாதி அழிந்தபடி ஓடி வந்தாள். என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு அவருக்கு முன்னால் போய் நின்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நிற்கிறார்கள்.

“ஆர் அது ‘ஆகா’ சொன்னது?” என்று கேட்டாள்.

அவர் சப்பாத்தைப் பார்த்தார். “வாயில வந்திட்டுது, பிள்ளை. உனக்கு அதால ஏதும் பிரச்சினையே?”

“மாமா, ஸ்டேஜில நிண்டா லைட்டுக்கு அங்கால ஒண்டுமே தெரியாது. வெறும் இருட்டு. நீங்கள் வரேல்ல எண்டுதான் நினைச்சுக்கொண்டு பாடினனான்.” அவள் அவருடைய ஷேர்ட் கையைப் பிடித்தாள். “ஐ ஹெர்ட் யூ, மாமா. அவ்வளவுதான்.”

உன் அண்ணன் அவள் தலையில் கையை வைத்தார். “நான் அண்டைக்குப் பிழையாக் கதைச்சுப்போட்டன், பிள்ளை. கொம்மாட்டச் சொல்லியிருக்க வேணும். பிந்திப்போனன். அவள்தான் சரி. பவானிதான் சரி” என்றார். அந்த இடத்திலேயே, சனம் போய் வருகிற வழியிலேயே, இரண்டு பேரும் அழுதார்கள். நான் இரண்டு கைப்பையையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கேட்டாயா, பவானி? நீதான் சரியாம். அதை அவர் வாயால் கேட்க நீ இல்லையே என்று அன்று முழுக்க எனக்கு ஆற்றாமை. அதனால்தான் ஒரு எழுத்து விடாமல் இங்கே எழுதுகிறேன்.

அடுத்த முறை அவளுக்கு எட்டு வரி கிடைக்கலாம். ஒரு வரியும் கிடைக்காமல் கோரஸின் கடைசி வரிசையிலும் நிற்கலாம். எதுவானாலும் முதல் நாள் அங்கே நாங்கள் இருப்போம். மேடையில் நிற்கிற உன் பிள்ளைக்கு இருட்டு இருட்டாகத்தான் தெரியும். ஆனால் அந்த இருட்டுக்குள் தன் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதில் அவளுக்கு இனி ஒருநாளும் சந்தேகம் வராது. இது என் வாக்கு. உன் அண்ணனின் வாக்கும்தான். பக்கத்தில் இருந்து, அதையும் எழுது என்கிறார்.

ஆரணிக்கு மாமி, உனக்கு எந்த நாளும் மச்சாள்,
ரஞ்சி
நோபல் பார்க்